ஐந்து மில்லிமீட்டர் முத்திரை

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களுள் மிக உயர்ந்தது ஐந்து மில்லிமீட்டர். அதாவது, ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் ஒரு கதவிலோ கண்ணாடியிலோ இரும்பிலோ பொறிக்கப்படும் 'சீ.ஈ.' (CE) என்ற தர முத்திரையின் இரண்டு எழுத்துகளின் குறைந்தபட்ச உயரம். அதற்குக் கீழே இறங்கினால் அது முத்திரை அல்ல, வெறும் கீறல். தமிழில் வாசித்தால் முதல் எழுத்து ஒரு அருவருப்பு, இரண்டாம் எழுத்து ஒரு பூச்சி. ஆனால் இரண்டும் உரிய இடைவெளியில் அருகருகே நின்றுவிட்டால் ஒரு கண்டமே எழுந்து வழிவிடும்.

இந்த மகிமையை ஷாஃப்ஹவுசன் நகரத்துத் தமிழர்களுள் முழுமையாக உணர்ந்தவர் ஒருவரே. அவர் பெயர் தயாபரன். சுவிஸ் பத்திரங்களின்படி அவர் பிறந்தது ஜனவரி முதலாம் திகதி. எண்பதுகளில் அகதிகளாக வந்த நம்மவர்களில் ஏராளமானோர் அதே திகதியில்தான் பிறந்திருக்கிறார்கள். அன்றைக்கு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் என்ன நெரிசல் இருந்திருக்கும் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் பீங்கான் கழுவத் தொடங்கிய தயாபரன், பிறகு ரைன் ஆற்றங்கரையில் இருந்த 'ப்ரூட்டிகர் கதவுகள்' என்ற தொழிற்சாலையில் வர்ணம் பூசும் வேலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் பாட்டுக்குக் கதவுகளுக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார்.

2013ஆம் ஆண்டு யூலை மாதம் வந்தது. கூடவே கட்டுமானப் பொருட்களுக்கான ஐரோப்பாவின் புதிய ஒழுங்குவிதியும் வந்தது. முதலாளி ப்ரூட்டிகர் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்.

இனிமேல் எல்லைக்கு அப்பால் போகும் ஒவ்வொரு வெளிக்கதவுக்கும் ஒரு 'லைஸ்டுங்ஸ்எர்க்லேருங்' வேண்டும், அதாவது இந்தக் கதவு இன்னின்னதைத் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்திட்ட செயல்திறன் அறிவிப்பு வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலைக்குள் ஒரு பொறுப்பாளர் வேண்டும், யார் தயார் என்று அவர் கேட்டார். சுவிஸ்காரர்கள் நாற்பது பேரும் தங்கள் சப்பாத்துகளை ஆராயத் தொடங்கினார்கள். தயாபரன் மட்டும் மரியாதைக்கு முதலாளியின் முகத்தைப் பார்த்தபடி தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினார். நம்மிடையே அந்த ஆட்டத்துக்கு 'பாப்பம், ஆராவது செய்வினம்' என்று பொருள். அந்த நாட்டில் தலை ஆடினால் ஆம், இல்லை என்று இரண்டே பொருள்தான் உண்டு. முதலாளி தமக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு கைதட்டினார். நாற்பது பேரும் நிம்மதியில் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

இப்படித்தான் வரலாறு தன் நாயகர்களைத் தேர்ந்தெடுக்கிறது.

தயாபரனுக்கு வெள்ளை மேலங்கியும், கண்ணாடித் தடுப்புள்ள ஒரு சின்ன அறையும், பதின்மூன்று கோப்புகளும் கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் கோப்புகளை அலுமாரியில் அடுக்கிவிட்டுக் கோப்பி குடித்திருப்பார்கள். தயாபரன் வாசித்தார். ஜெர்மன் அகராதியை ஒரு கையிலும் ஒழுங்குவிதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் வாசித்தார். காற்றழுத்தம் தாங்கும் தன்மை, நீர் புகாத் தன்மை, ஒலித்தடுப்பு, திறபடும் தன்மை. ஒரு சாதாரணக் கதவுக்குள் இத்தனை குணங்கள் ஒளிந்திருந்ததைக் கண்டு அவருக்குப் புல்லரித்தது. அளக்கக்கூடிய குணங்கள்! வகுப்பு வகுப்பாகப் பிரித்து, எண் போட்டு, கையெழுத்து வைத்து, இனி ஒருவரும் மறுபேச்சுப் பேச முடியாத குணங்கள்!

அன்றிலிருந்து அவருடைய சட்டைப் பையில் ஒரு சிறிய உருக்கு அளவுகோல் குடியேறியது. ஒருமுறை வின்டர்தூரில் ஒரு கலியாணம். கெட்டிமேளம் முழங்கி, மண்டபம் முழுக்க எழுந்து அட்சதை போட்டபோது, தயாபரன் பின்பக்கத்து அவசர வாசலில் குந்தியிருந்து கதவின் விளிம்பில் இருந்த முத்திரையை அளந்துகொண்டிருந்தார்.

"நாலரை!" என்று அறிவித்தார், மேளம் நின்ற அந்தக் கணத்தில். "நாலரை மில்லிமீட்டர்தான் இருக்கு!"

மாப்பிள்ளை வீட்டார் திடுக்கிட்டுத் தாலியைப் பார்த்தார்கள். அன்று முதல் ஊருக்குள் அவர் 'சீயீ அண்ணை' ஆனார்.

அவர் வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு என்பது கிட்டத்தட்ட ஒரு மாநாடு. தலைமை உரை அவருடையது. பார்வையாளர் இருவர். ஒருவர் மனைவி யோகாம்பாள், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் இலக்கணம் படிப்பிப்பவர். மற்றவர் மகள் மதுஜா, இங்கேயே பிறந்து வளர்ந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளராக இருப்பவள். மருந்தின் பெயரும் அளவும் மறக்கக்கூடாத வேலை என்பதால் கேட்டது எதையும் மறக்கமாட்டாள். பின்னால் இது முக்கியம்.

"சூரிச்சிலை இருந்து ஒரு ஆர்கிடெக்ட் ஃபோன் எடுத்தவர்" என்று ஒரு ஞாயிறு தயாபரன் தொடங்கினார். "உங்கடை அறிவிப்பிலை ஒலித்தடுப்புக்கு நேரை என்.பி.டி. எண்டு போட்டிருக்கு, என்னத்தை மறைக்கிறியள் எண்டு கேக்கிறார்."

"என்.பி.டி. எண்டால்?" என்றாள் மதுஜா.

"செயல்திறன் தீர்மானிக்கப்படவில்லை. நாங்கள் அளக்கேல்லை, அதாலை சொல்லேல்லை. நான் அவருக்கு வடிவாச் சொன்னன். ஹெர் ஆர்கிடெக்ட், அந்தக் கடுதாசியிலை இருக்கிறதுக்குள்ளை ஆக நேர்மையான சொல் அதுதான். கதவு எந்த நாட்டிலை தொங்கப் போகுதோ, அந்த நாட்டுச் சட்டம் ஒரு குணத்தைக் கேக்கேல்லையெண்டால், அதைச் சொல்லு எண்டு கேக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை எண்டன்."

"பேந்து?"

"பேந்தென்ன, ஃபோனை வைச்சிட்டார்."

"அப்ப எல்லாத்துக்கும் என்.பி.டி. போடலாமோ, அப்பா?"

தயாபரனின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் ஒழுங்குவிதியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது அதுவே முதல் தடவை. "போடேலாது, பிள்ளை. ஒண்டாவது சொல்லத்தான் வேணும். அதோடை, தப்பியோடுற பாதையிலை நிக்கிற கதவெண்டால், திறபடும் தன்மைக்கு என்.பி.டி. போடவே கூடாது. நெருப்புப் பத்தினால் சனம் வந்து தள்ளும். தள்ளேக்கை திறக்காட்டில் அது கதவில்லை. சுவர்!"

மதுஜா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அதை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

2017ஆம் ஆண்டு, பனி கரைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, தலைமை உரை தொடங்குமுன்பே அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் ஒரு ஆளை விரும்புறன். பேர் சாயிசன். எங்கடின் பள்ளத்தாக்கிலை மலை ரயில் ஓட்டுறவர். செப்டம்பரிலை அங்கை சமேடன் ஊரிலை பதிவுத் திருமணம் செய்யப் போறம். நீங்கள் சாட்சியாய் நிண்டு ஒரு கையெழுத்து வைக்க வேணும். அவ்வளவுதான்."

யோகாம்பாளுக்கு இது முன்பே தெரியும் என்பது அவர் ரசத்தைக் கிண்டிய வேகத்தில் தெரிந்தது. தயாபரன் கோபப்படவில்லை. கத்துவது, மேசையில் அடிப்பது, சாப்பாட்டை விட்டு எழும்புவது எல்லாம் ஒழுங்குவிதிக்கு முற்பட்ட காலத்து அப்பாக்களின் பழக்கம். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அமைதியாகச் சொன்னார்.

"கையெழுத்தெண்டு சொன்னனீர். கையெழுத்தெண்டால் கோப்பு வேணும்."

அன்று மாலையே பதினான்காவது கோப்பு பிறந்தது. மஞ்சள் நிறம். முதுகில் 'சாயிசன்' என்று அச்சிட்ட பட்டி. உள்ளே முதல் பக்கத்தில்: தயாரிப்பு வகை, மருமகன். கருதப்பட்ட பயன்பாடு, வீட்டின் உட்புறம், நிரந்தரமாக. உற்பத்தியாளர், பையனின் தகப்பன் பாலேந்திரன் குடும்பம். அதன் கீழே அத்தியாவசியக் குணங்கள். குடிப்பழக்கத்துக்கு 'ஈரப்பதம் தாங்கும் தன்மை', கோபத்துக்கு 'வெப்பம் கடத்தும் தன்மை', தாய் சொல்வதைக் கேட்டு ஆடுவதற்கு 'வெளிக்காற்று ஊடுருவல்', தலைமயிருக்கு 'நீடித்துழைக்கும் தன்மை'. இப்படி எட்டு. ஒன்பதாவதை மட்டும் அவர் தொழில்மொழியில் மாற்றவில்லை. நம்மவர் பேச்சில் அது ஏற்கெனவே முழுமை பெற்ற தொழில்மொழியாக இருந்தது: 'ஊரில் எந்தப் பக்கம்?'

இந்தக் கேள்வி திசையைப் பற்றியது என்று நினைப்பவர்கள் பாக்கியவான்கள். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியை அளப்பதற்கு நம் சமூகம் உருவாக்கிவைத்த கருவி அது. கேட்பவருக்கு அழுக்கு ஒட்டாது, பதில் சொல்பவர் நெளிவார். ஐரோப்பிய ஒன்றியம் இருபத்தெட்டு நாடுகளுக்கும் பொதுவான தர அளவுகள் வகுக்க எத்தனையோ ஆண்டு மண்டையை உடைத்தது. நாமோ ஒரு கூட்டமும் கூட்டாமல், டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பேர்ணிலும் ஒரே அளவை, ஒரே சொல்லில், ஒரே தொனியில் நடைமுறைப்படுத்தி வருகிறோம்.

சோதிக்கும் முறைகளிலும் ஐரோப்பா நம்மிடம் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பது தயாபரனின் துணிபு. ஒழுங்குவிதியில் நான்காம் முறை என்று ஒன்று உண்டு. அதில் உற்பத்தியாளர் தானே சோதித்து, தானே நல்லது என்று சொல்லிக்கொள்வார். அது காதல் கலியாணம். முதலாம் முறையில் 'அறிவிக்கப்பட்ட அமைப்பு' ஒன்று வெளியிலிருந்து வந்து துருவித் துருவிப் பார்த்துச் சான்று தரும். அது பேச்சுக் கலியாணம். தயாபரன் குடும்பத்தின் அறிவிக்கப்பட்ட அமைப்பு, யோகாம்பாளின் தமையன் உருத்திரமூர்த்தி. பேர்ணில் இருந்தார். அவரது ஆய்வுகூடம் ஒரு சோபாவும் ஒரு தொலைபேசியும். யாருடைய பெயரைக் கொடுத்தாலும் முக்கால் மணித்தியாலத்தில் மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துவிடுவார்.

"பாலேந்திரனோ? ஆற்றை பாலேந்திரன்?" என்றார் உருத்திரமூர்த்தி.

"மட்டக்களப்பு ஆள், மச்சான். முந்தி எங்கடினிலை ஹோட்டல் குசினி. இப்ப அங்கை முதியோர் இல்லத்திலை வேலை."

தொலைபேசியில் சோபா கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"மட்டக்களப்பிலை எனக்கு லைன் இல்லை, மச்சான்" என்று அமைப்பு ஒப்புக்கொண்டது. "வன்னி வரைக்கும்தான் என்ரை அதிகாரம். நீர் நேரை போய்க் கேளும். எந்தப் பக்கமெண்டு கேட்டுட்டு முகத்தைப் பாரும். சொல்லுற விதத்திலையே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வடிவாப் பாத்து முடிவெடும். நாளைக்குச் சபையிலை என்னட்டையும் கேப்பினம்."

அந்தக் கடைசி வசனம் தயாபரனின் நெஞ்சில் கல்லாக இறங்கியது. சபை என்றால் கலியாண மண்டபங்களில் முன்வரிசைக் கதிரைகள். அங்கே அவருக்கு ஒரு கதிரை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை மூவரும் சமேடனுக்கு ரயில் ஏறினார்கள். கூர் நகரில் மாறிய பிறகு, சிவப்பு ரயில் பாலமும் சுரங்கமுமாக மலையில் ஏறியது. பக்கத்திலிருந்த யப்பானியர்கள் ஜன்னலுக்கு வெளியே படமெடுத்தார்கள். தயாபரன் ஜன்னலின் சட்டத்தையே தடவித் தடவி முத்திரை தேடினார். ரயில் பெட்டி கட்டுமானப் பொருள் அல்ல, வேறு விதிகளின் கீழ் வருவது என்று நினைவு வந்ததும் அவருக்கு அந்தப் பயணத்தில் இருந்த ஒரே சுவாரசியமும் போய்விட்டது.

பாலேந்திரன் வாசலிலேயே நின்று வரவேற்றார். மெலிந்த, நிதானமான மனிதர். மனைவி அன்று வேலை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மேசையில் இருந்த வட்டிலப்பம் என்ற இனிப்பு பாலேந்திரனே செய்தது. சாயிசன் சீருடையோடு அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்திருந்தான். முதல் எட்டுக் குணங்களும் இரண்டு மணித்தியாலத்தில் சோதித்து முடிந்தன. குடிப்பதில்லை. கோபம், ரயில் பிந்தினால் மட்டும். தலைமயிர் அடர்த்தி. தயாபரன் மஞ்சள் கோப்பை மடியில் வைத்தபடி ஒவ்வொன்றுக்கும் நேரே சரி போட்டார். மதுஜா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு தயாபரன் தொண்டையைச் செருமினார். மதுஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, உங்கடை ஊர்?"

"சமேடன், அங்கிள்."

"அது தெரியும். ஊரிலை...?"

"ஊரிலைதான் அங்கிள். இதுதான் ஊர். இஞ்சைதான் பிறந்தனான்."

"இல்லைத் தம்பி. ஊரிலை எந்தப் பக்கம்?"

சாயிசன் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினான். பொறுப்பான சாரதி, இடங்களைத் துல்லியமாகச் சொல்லிப் பழகியவன். "ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், அங்கிள். அங்கை தெரியுதே அதுதான் ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் விமானம் இறங்குற இடம். நாங்கள் இந்தப் பக்கம்."

"அதில்லைத் தம்பி. உங்களோடை கொண்டாட்டமா இருக்கிறவை எந்தப் பக்கத்து ஆக்கள்?"

"குளிர்காலத்திலை எல்லாப் பக்கத்து ஆக்களும் வருவினம், அங்கிள்" என்றான் சாயிசன். "பனிச்சறுக்கு விளையாட."

தயாபரன் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி தோற்றுப்போவதைக் கண்டார். அளவுகோலை வைத்தால் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். இந்தப் பையனில் விளிம்பே இல்லை. எனவே அவர் உற்பத்தியாளர் பக்கம் திரும்பினார்.

பாலேந்திரனுக்குக் கேள்வி முதலாவது சொல்லிலேயே விளங்கியிருந்தது. அந்தக் கேள்வி முப்பது வருடமாக அவர் காதில் விழுந்துகொண்டு வருகிறது, பல மேசைகளில், பல பலகாரங்களுக்கு நடுவே. தேநீர்க் கோப்பையைத் தயாபரன் பக்கம் தள்ளிவைத்தார்.

"அண்ணன், தம்பிட வேலையைப் பத்திக் கேளுங்க, குணத்தைப் பத்திக் கேளுங்க. வேணுமெண்டா அவன்ட ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க. இந்தக் கேள்விக்கு மட்டும் இந்த வீட்டில பதில் இல்ல. தெரியாம இல்ல. சொல்லுறதில்ல எண்டு வச்சிருக்கம்." பிறகு சிரித்தார். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

திரும்பும் ரயிலில் தயாபரன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பதாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குச் சுரங்கம் கட்டம் வெறுமையாகவே இருந்தது. மதுஜா எதிர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்.பி.டி. எண்டு போடுங்கோ, அப்பா."

"இது அத்தியாவசியக் குணம், பிள்ளை."

"கதவு எந்த நாட்டிலை தொங்கப் போகுது?"

தயாபரன் பேனாவை மூடினார்.

"இந்த நாட்டிலை அதைக் கேக்கிற சட்டம் இருக்கோ? இல்லையெண்டால் அதைச் சொல்லு எண்டு கேக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை. நான் சொல்லேல்லை. ஆர்கிடெக்டுக்கு நீங்கள் சொன்னது."

தயாபரன் கூர் வரைக்கும் யோசித்தார். சூரிச் வரைக்கும் யோசித்தார். ஒழுங்குவிதியின் பின்னிணைப்புகளைக்கூட மனத்தில் புரட்டினார். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையில் அவருக்கு இருந்தது பயம். முன்வரிசைக் கதிரையை இழக்கும் பயம், உருத்திரமூர்த்தியின் தாழ்த்திய குரலைக் கேட்கும் பயம். அந்தப் பையனை அவருக்குப் பிடித்திருந்தது என்பது இன்னும் பெரிய பயம். இவற்றை எழுதக் கோப்பில் கட்டம் எதுவும் இல்லை. எனவே ஷாஃப்ஹவுசன் வந்து இறங்கியதும் அவர் கோப்பின் அடியில் சிவப்பு மையால் 'இணக்கமின்மை' என்று எழுதினார்.

"நான் வந்து கையெழுத்து வைக்கமாட்டன்" என்று அடுத்த ஞாயிறு மாநாட்டில் அறிவித்தார். "தனிப்பட்ட கோபமில்லை. ஆவணம் பூரணமில்லை."

மதுஜா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். யோகாம்பாள் கரண்டியை வைத்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஜனவரி முதலாம் திகதியோ பிறந்தனீங்கள்?"

"இல்லையப்பா. அதை ஏன் இப்ப..."

"எப்ப பிறந்தனீங்கள்?"

"மழைநாள் எண்டு அம்மா சொன்னவ."

"டாவோசிலை அந்த ஹோட்டல்காரன் உங்களை என்ன கேட்டவன்?"

"பீங்கான் கழுவத் தெரியுமோ எண்டு."

"எந்தப் பக்கமெண்டு கேட்டவனோ?"

தயாபரன் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "இடப்பக்கத்துத் தொட்டி எண்டு சொன்னவன்."

"ஒரு கடுதாசியும் இல்லாமல் வந்தனீங்கள். பேர், பிறப்பு, ஊர், எல்லாத்துக்கும் உங்கடை அந்த என்.பி.டி.தான். அப்பிடியிருந்தும் இந்த நாட்டிலை ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவாலை உள்ளுக்கை வந்து நிண்டுகொண்டு இப்ப மற்றவைக்கு அளவுகோல் பிடிக்கிறியள்."

தயாபரன் அளவுகோலைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"உங்கடை முத்திரையிலையே ஈ எண்டு ஒரு எழுத்து இருக்கெல்லோ" என்றார் யோகாம்பாள், பாடசாலைக் குரலில். "ஈ எண்டால் பூச்சி மட்டுமில்லை. ஈ எண்டால் குடு. தாழ்ந்த ஆள் உயர்ந்த ஆளிட்டைக் கேட்டால் 'ஈ'. சமமான ஆள் கேட்டால் 'தா'. உயர்ந்த ஆள் கேட்டால் 'கொடு'. ஆறாம் வகுப்புப் பிள்ளையளுக்குப் போன கிழமைதான் படிப்பிச்சனான். அந்தப் பெடியன் உங்களிட்டை 'தா' எண்டு கேட்டு வந்தவன். 'ஈ' எண்டு கேட்டால்தான் குடுப்பியளோ?"

"இலக்கணம் வேறை, இணக்கம் வேறை" என்றார் தயாபரன்.

சொன்ன பிறகு அந்த வசனத்தின் ஓசை அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னார். யோகாம்பாள் மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

கோடை முழுவதும் அந்த வீட்டில் மாநாடு நடக்கவில்லை. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தாயும் மகளும் ஆளுக்கொரு பெட்டியோடு கூடத்தில் நின்றார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சமேடனில் பதிவு. யோகாம்பாள் கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரத்தைப் பெட்டிக்கு மேலே மடித்து வைத்திருந்தார்.

"ரெண்டேகால் ரயில், அப்பா" என்றாள் மதுஜா. "மூண்டேகாலுக்கும் ஒண்டு இருக்கு." ஒரு கடதாசியை மேசையில் வைத்தாள். "இதையாவது பாருங்கோ. நீங்கள் கேட்டமாதிரி வடிவாச் செய்திருக்கிறன்."

அவர்கள் போனார்கள். அந்த வீட்டு வாசல் கதவைத் தயாபரனே தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து பொருத்தியிருந்தார், ஒலித்தடுப்பில் அதிசிறந்த வகை. சாத்தியதும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர்கள் படியிறங்கிப் போனார்களா, வெளியில் கொஞ்ச நேரம் காத்து நின்றார்களா என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரிய வழியில்லை.

தயாபரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடதாசியை எடுத்தார். தலைப்பைப் பார்த்ததும் தொழில்முறையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செயல்திறன் அறிவிப்பு, இலக்கம் 1.
தயாரிப்பு வகை: அப்பா.
கருதப்பட்ட பயன்பாடு: தப்பியோடும் பாதையில் நிற்கும் கதவு.
காற்றழுத்தம் தாங்கும் தன்மை: அதியுயர் வகுப்பு. அசைவதில்லை.
நீர் புகாத் தன்மை: அதியுயர் வகுப்பு. அம்மாவும் மகளும் அழுது சோதித்தது.
ஒலித்தடுப்பு: அதியுயர் வகுப்பு. உள்ளே எதுவும் கேட்காது.
காற்று ஊடுருவல்: இல்லை. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து புதுக்காற்று எதுவும் பதிவாகவில்லை.
திறபடும் தன்மை: என்.பி.டி.

அடியில், எல்லா அறிவிப்புகளிலும் உள்ள அந்தக் கடைசி வசனம்: 'இந்த அறிவிப்புக்கு உற்பத்தியாளர் மட்டுமே முழுப் பொறுப்பு.' அதன் கீழே இடம், திகதி, பெயர், கையெழுத்து. அந்த நான்கும் காலி.

தயாபரனின் கண் கலங்கியது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. இத்தனை ஒழுங்கான ஓர் அறிவிப்பைத் தொழிற்சாலையில் எவரும் தயாரித்ததில்லை. அவர் மகள் தயாரித்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அப்போதுதான் பிழை கண்ணில் பட்டது. தப்பியோடும் பாதையில் நிற்கும் கதவு என்று எழுதிவிட்டுத் திறபடும் தன்மைக்கு நேரே என்.பி.டி.! விதி அதை அனுமதிக்காது. ஆவணம் இப்படியே இருந்தால் இணக்கமின்மை.

சுவரில் மணி இரண்டு நாற்பது. ஸ்டேஷன் பத்து நிமிட நடை. திருத்தும் வழி அவருக்குத் தெரியும், தொழிற்சாலையில் பல தடவை செய்ததுதான். சோதித்துப் பார்த்து உண்மையான பெறுமானத்தை எழுத வேண்டும். எழும்பி, சப்பாத்தை மாட்டி, கதவைத் திறந்து, மூன்றேகால் ரயிலைப் பிடித்தால் சோதனை முடிந்தது. சமேடனில் போய் இறங்கினால் சான்றும் கிடைத்துவிடும்.

தயாபரன் எழும்பினார். சப்பாத்துப் பெட்டி வரைக்கும் போனார். கதவின் கைப்பிடியில் கைகூட வைத்தார். அப்போது முன்வரிசைக் கதிரைகள் நினைவுக்கு வந்தன.

திருத்துவதற்கு இன்னொரு வழியும் விதியில் உண்டு. பொறுப்பாளர்கள் அவசரத்துக்குக் கையாளும் வழி, முற்றிலும் சட்டபூர்வமானது. பெறுமானத்தை மாற்ற முடியாவிட்டால் பயன்பாட்டை மாற்றலாம். தயாபரன் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். அளவுகோலை வைத்துத் 'தப்பியோடும் பாதையில் நிற்கும் கதவு' என்பதை நேர்கோட்டில் வெட்டினார். மேலே அழகான கையெழுத்தில் 'சுவர்' என்று எழுதினார். சுவருக்குத் திறபடும் தன்மை தேவையில்லை. பிழை தீர்ந்தது.

இடம் எழுதினார். திகதி எழுதினார். பெயர் எழுதினார். 'உற்பத்தியாளர் மட்டுமே முழுப் பொறுப்பு' என்ற வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு, அதன் கீழே கையெழுத்தும் வைத்தார்.

மறுநாள் பத்து மணிக்குச் சமேடனில் மதுஜாவின் பக்கத்துச் சாட்சியாக யோகாம்பாள் கையெழுத்திட்டார், தமிழில். அதே நேரம் ப்ரூட்டிகர் தொழிற்சாலையின் கண்ணாடி அறைக்குள் தயாபரன் மகள் தந்த அறிவிப்பைப் பதினான்காவது கோப்பில் பின்னிணைப்பாகக் கோத்து, மூலையில் முத்திரையைப் பதித்து, அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தார்.

சரியாக ஐந்து மில்லிமீட்டர். மனிதர் தன் வாழ்நாளில் எட்டிய உயரமும் அவ்வளவுதான்.